புல்லு இருக்கு, நிழல் எங்க?

போன இதழ்ல காலேஜ் வளாகத்து மரங்களப் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துல இருந்தும் கடிதம் வந்திருக்கு, எல்லாத்துலயும் சுத்தி சுத்தி ஒரே வருத்தம் தான், பார்க் இருக்கு ஆள் இல்லன்னு. அதனால இந்த தடவ மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு வச்சுட்டு இது ஒண்ணுக்கே பக்கத்த குடுத்துட்டேன். நான் முப்பது வருஷத்துக்கு மேல தாவரவியல் சொல்லிக்குடுத்தவன், தோட்டக் கமிட்டியிலயும் இருந்திருக்கேன், அதுல பட்டத வச்சு சொல்றேன்.

கேள்வி: வணக்கம் சார். நான் தர்மபுரி பக்கத்துல ஒரு காலேஜ்ல வேலை பாக்குறேன், என்எஸ்எஸ், அதாவது நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என்கிட்ட தான் இருக்கு. எங்க ஆபீஸ் பில்டிங் முன்னாடி அரை ஏக்கர் அளவுக்கு ஒரு பார்க் இருக்கு. நாலு வருஷம் முன்னாடி, காலேஜ் தரத்தப் பாத்து கிரேடு போடற நாக் குழு வருதுன்னு கொரியன் புல்லு போட்டு, சுத்தி இடுப்பளவு குரோட்டன்ஸ் வேலி, நடுவுல ஒரு பவுண்டன், நாலு சிமெண்ட் பெஞ்ச் எல்லாம் வச்சாங்க. இப்ப பவுண்டன் ஓடல, புல்லு பாதி காஞ்சு போச்சு. ரெண்டாயிரம் பசங்க படிக்கிற எடத்துல மதியம் பாத்தா பார்க்ல ஈ காக்கா இல்ல, எல்லாரும் மாடிப்படியிலயும் வண்டி ஸ்டாண்டுலயும் உக்காந்து டிபன் பாக்ஸ தொறக்குறாங்க. பிரின்சிபால் கொஞ்சம் பணம் ஒதுக்கி மாத்தலாம்னு சொல்றார். புதுசா என்ன வச்சா பசங்க வருவாங்க சார்?
ஒரு பேராசிரியை, தர்மபுரி மாவட்டம்

பதில்: மேடம், புதுசா என்ன வைக்கலாம்ங்கறத ஒரு பத்து நாள் தள்ளி வைங்க. பசங்க ஏன் மாடிப்படியில உக்காருறாங்கங்கறதுலயே உங்களுக்கு வேண்டிய பதில் இருக்கு. படியில நிழல் இருக்கு, காத்து வருது, உக்கார ஒசரம் சரியா இருக்கு, மேல கீழ போறவங்க எல்லாரையும் பாக்கலாம், பக்கத்து கிளாஸ் பிரெண்டு வெளிய வந்தா அங்கயே புடிச்சுக்கலாம், நாலு பேரு சேந்தா ஒரு படி கீழ ஒரு படி மேலன்னு உக்காந்து மூஞ்சியப் பாத்து பேசலாம். இதுல எது உங்க பார்க்ல இருக்கு சொல்லுங்க. வெட்டவெளி சிமெண்ட் பெஞ்சுல பன்னெண்டரை மணிக்கு பொண்ணுங்க பசங்க எப்படி உக்காருவாங்க, சுட்டுடும். அதும் மூணு பேரு வரிசையா ஒரே பக்கம் பாத்து உக்கார்ற பெஞ்சு, டாக்டர் கிளினிக்ல டோக்கன் போட்டு உக்கார்ற மாதிரி, அங்க என்ன கத பேச முடியும்?

நம்ம பக்கம் எந்த கிராமத்துக்கு வேணா போங்க, மாரியம்மன் கோயில் முன்னாடியோ பஸ் நிக்கிற எடத்துலயோ ஒரு அரசமரமோ வேப்பமரமோ இருக்கும், சுத்தி கல்லு அடுக்கி மேடை கட்டியிருப்பாங்க. அத யாரும் பிளான் போட்டு வரைஞ்சு குடுக்கல. ஆனா காலைல சொசைட்டிக்கு பால் ஊத்த வர்றவங்க, மத்தியானம் ஆட்ட ஓட்டிட்டு வந்து அசர்றவங்க, சாயந்தரம் ஆடுபுலி ஆடுறவங்கன்னு நாள் பூரா யாராவது இருந்துட்டே இருப்பாங்க. ஏன்னா அது நாலு வழி சேர்ற எடம், முதுகுக்கு மரம் இருக்கு கண்ணுக்கு ரோடு இருக்கு, பத்தடியில டீக்கடை, பக்கத்துல குழாய், அதுக்கு மேல, அந்த மேடை யாருக்கும் சொந்தமில்லாததால எல்லாருக்கும் சொந்தம். (எல்லா ஊர்லயும் எல்லாரும் அந்த மேடையில உக்கார முடிஞ்சதில்ல, அது எனக்கும் தெரியும், அதனால தான் காலேஜ்ல இருக்குற மேடை எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும்னு இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.) உங்க பார்க்குக்கு இந்த மேடைய மனசுல வச்சுக்கிட்டா போதும், பாதி வேலை முடிஞ்சது.

இதே விஷயத்த நியூயார்க்ல வில்லியம் வைட்னு ஒருத்தர் 1970கள்ல வேற மாதிரி கண்டுபிடிச்சார். பெரிய பெரிய பில்டிங் முன்னாடி விட்டிருந்த காலி எடங்கள்ல சிலதுல மட்டும் கூட்டம் நிக்குது, சிலது ஈயாடுது, ஏன்னு தெரிஞ்சுக்க கேமராவ வச்சு நாள் கணக்கா படம் எடுத்து ஒக்காந்து எண்ணியிருக்கார். அவர் கண்டது ரொம்ப சாதாரணம். உக்கார எடம் எங்க இருக்கோ அங்க ஜனம் உக்காருது, மனுசங்கள இழுக்குறது மத்த மனுசங்க தான், திங்க எதாவது விக்கிற எடத்துல கூட்டம் தானா சேருது. இன்னொன்னும் சொன்னார், எனக்கு அது தான் ரொம்ப முக்கியமாப் படுது: எந்த எடத்துல பொண்ணுங்க எண்ணிக்கை கொறைவா இருக்கோ அங்க ஏதோ சரியில்லன்னு அர்த்தம், ஏன்னா எங்க உக்காரலாம்ங்கறதுல அவங்க தான் அதிகம் யோசிச்சு பாத்து உக்காருறாங்க.

அதே ஊர்ல பிரையன்ட் பார்க்னு ஒண்ணு, ரோட்ட விட ஒசரத்துல, சுத்தி வேலி மறைச்சு, உள்ள யார் இருக்காங்கன்னே வெளிய தெரியாது, அதனால நல்லவங்க போறத நிறுத்திட்டாங்க, போதை விக்கிறவங்க எடமா ஆயிடுச்சு. அப்புறம் அதே வைட் சொன்னத கேட்டு வேலிய எடுத்தாங்க, வாசல அதிகமாக்கினாங்க, தூக்கி எங்க வேணா போட்டுக்கற மாதிரி நாற்காலி போட்டாங்க, 1992ல திரும்பத் தொறந்தப்ப ஜனம் நம்பி வர ஆரம்பிச்சுது. உங்க குரோட்டன்ஸ் வேலிய நெனச்சுப் பாருங்க மேடம். இடுப்பளவுன்னு எழுதியிருக்கீங்க, தரையில உக்காந்தா அது தலைய மறைக்குது. உள்ள போனா ஒளிஞ்சுக்கற மாதிரி இருக்கும், அந்த மாதிரி எடத்துக்கு எந்தப் பொண்ணு தைரியமா போவா, போனாலும் எந்த வாட்ச்மேன் சும்மா விடுவார். வெட்டி முட்டிக்கு கீழ கொண்டு வாங்க, இல்ல ஒரேடியா எடுத்துருங்க, பாம்பு அடையறதும் கொறையும். காசு செலவில்லாத மொத வேலை இது தான்.

நான் சொன்ன பத்து நாள்ல என்ன செய்யணும்னா, உங்க என்எஸ்எஸ் பசங்க நாலஞ்சு பேர்கிட்ட வளாகத்தோட படம் ஒண்ண ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க. காலைல 8 மணில இருந்து சாயந்தரம் 5 வரைக்கும் மணிக்கு ஒரு தடவ சுத்தி வந்து, யார் எங்க உக்காந்திருக்காங்களோ அங்க ஒரு புள்ளி, பொண்ணுங்களுக்கு ஒரு கலர் பசங்களுக்கு ஒரு கலர். பக்கத்துலயே என்ன பண்றாங்கன்னு எழுதச் சொல்லுங்க, சாப்பாடா படிப்பா பஸ்ஸுக்கு காத்திருக்காங்களா. இன்னொரு படத்துல ஒத்தையடித் தடத்த எல்லாம் கோடு போடச் சொல்லுங்க. புல்லுல நடக்காதேன்னு போர்டு வச்சாலும் கேன்டீன்ல இருந்து லைப்ரரிக்கு குறுக்க ஒரு தடம் கண்டிப்பா விழுந்திருக்கும், நம்ம ஆளுங்க அத பாத்ததும் முள்ளு போட்டு அடைப்பாங்க. அடைக்காதீங்க மேடம். அந்தத் தடம் தான் உங்க பார்க்கோட நடுப்பாதை, அதுலயே கல்லு பதிச்சு, ரெண்டு பக்கமும் உக்கார எடம் போட்டா போறவங்க வர்றவங்க எல்லாம் பார்க்குக்குள்ள தான் நடப்பாங்க. ஆள் நடமாட்டம் இருக்குற எடத்துல தான் இன்னொரு ஆள் உக்காருவாங்க. வழிய மாத்துறப்ப சக்கர நாற்காலியில வர்ற புள்ளைங்களையும் நெனச்சுக்கோங்க, ஒரு அடி ஏத்தத்துக்கு பன்னெண்டு அடி நீளம் சரிவு விடணும், அதுக்கு கொறைஞ்சா தள்ள முடியாது.

இப்ப புல்லுக்கு வர்றேன், இதுல தான் எனக்கு பழைய வலி ஒண்ணு இருக்கு. கிருஷ்ணகிரி பக்கம் நான் வேலை பாத்த ஒரு எடத்துல இதே மாதிரி புல்தரை போடணும்னு கமிட்டியில பிடிவாதமா நின்னவன் நான். மொத மழையில பச்சைப் பசேல்னு இருந்துச்சு, எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. பங்குனி வந்ததும் போர்ல தண்ணி கீழ போயிடுச்சு, ஹாஸ்டல் பசங்க குளிக்க ஒரு பக்கெட்டுக்கு வரிசையில நிக்கறாங்க, இந்தப் பக்கம் ஸ்பிரிங்ளர் சுத்துது. ஒரு பையன் என்கிட்டயே வந்து கேட்டான், சார் புல்லுக்கு இருக்கற தண்ணி எங்களுக்கு இல்லயான்னு. அன்னைக்கு பதில் சொல்ல முடியல. கணக்கு போட்டுப் பாருங்க: கோடையில ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு ஒரு நாளைக்கு சுமாரா 5 லிட்டர் வேணும், அரை ஏக்கர்னா ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர், ஆக தெனம் 10,000 லிட்டர். ஆயிரம் அடி போர் ஓட்டியும் புழுதி மட்டும் வர்ற ஊர்ல இது நியாயமா? அதனால புல்ல ஒரு ஓரமா, ஒரு நாலஞ்சு சென்ட் மட்டும் வைங்க, அதும் நம்ம அருகம்புல்லு போதும், காஞ்சாலும் மழைக்கு தானா தழையும், மிதிச்சாலும் தாங்கும். புல்லுல நடக்காதேங்கற போர்டு இருந்தா கழட்டிருங்க. மீதி எடம் மண்ணு தரையா, நிழலா இருக்கட்டும், நம்ம ஊர்ல நிழல் தான் பார்க்.

நிழலுக்கு வெயில் எந்தப் பக்கம்னு தெரியணும். தர்மபுரி 12 டிகிரி வடக்குல இருக்கு, சித்திரை 9, 10 வாக்குல உச்சி வெயில் நேரா மண்டைக்கு மேல, நம்ம நிழலு நம்ம காலுக்கு கீழயே நிக்கும். அதுக்கப்புறம் ஆவணி பொறக்குற வரைக்கும் மதியத்துல சூரியன் வடக்கால சாஞ்சு போகும், இது நெறைய பேருக்கு தெரியாது, தெக்க மட்டும் மறைச்சு கட்டிட்டு ஆனி மாசத்துல வடக்கால வெயில் அடிக்குதேன்னு முழிப்பாங்க. அதனால மேல மூடுற நிழல் வேணும், கூடவே மேக்கால மரம் வேணும், ரெண்டு மணிக்கு மேல வர்ற சாய்ஞ்ச வெயில் தான் கொல்லுறது.

மரம் நிழல் தர நாலஞ்சு வருஷமாகும், இப்ப இருக்கற பசங்க அதுக்குள்ள படிச்சு முடிச்சு போயிடுவாங்க. அதனால இந்த வருஷமே பந்தல் போடுங்க. நம்ம பக்கம் கோவக்கா, திராட்சை தோட்டத்துல கல்லுக்கால் நட்டு கம்பி இழுத்து பந்தல் போடுவாங்க இல்ல, அதே தான், காலேஜ்லயும் அதே கல்லுக்கால், மேல பாதி வெயில மறைக்கிற பச்சை வலை, ஓசூர் தளி பக்கம் ரோஜா போடுறவங்களக் கேட்டா எங்க கெடைக்கும்னு சொல்வாங்க. கால் ஓரத்துல மல்லி, ரங்கூன் மல்லி, சங்குப்பூ ஏத்தி விட்டா ரெண்டே வருஷத்துல கொடி மூடிக்கும், வலையக் கழட்டிக்கலாம். பந்தல் ஒசரம் எட்டடிக்கு கொறையாம இருக்கட்டும், காத்து போகணும்.

உக்கார எடத்துக்கு கடை பெஞ்ச் வாங்காதீங்க. கிருஷ்ணகிரி சுத்தி கிரானைட் அறுக்குற பட்டறைங்க எவ்ளோ இருக்கு, அறுத்து மிச்சமான பலகை ஓரமா கெடக்கும், கேட்டா கொறைஞ்ச வெலைக்கு, சில பேர் சும்மாவே குடுப்பாங்க. ஒண்ணரை அடி ஒசரம், ரெண்டு பக்கமும் உக்கார்ற மாதிரி மூணு அடி அகலம் வச்சு, எல் எழுத்து மாதிரி மடக்கி திண்ணை கட்டுங்க. கல்லு நிழல்ல இருந்தா ஜில்லுன்னு இருக்கும், வெயில்ல இருந்தா தோசைக்கல்லு, அதனால பந்தலோ மரமோ இல்லாத எடத்துல ஒரு கல்லு கூட போட வேண்டாம். கூட ஒரு இருவது முப்பது பிளாஸ்டிக் சேர் வாங்கி விடுங்க. காணாம போயிடும்னு ஆபீஸ்ல சொல்வாங்க, ஒண்ணு ரெண்டு போகட்டும், சாயந்தரம் எண்ணி உள்ள வச்சா சரி. நகர்த்தி நிழலுக்கு தகுந்த மாதிரி, கூட்டத்துக்கு தகுந்த மாதிரி போட்டுக்கறதுல ஒரு சுதந்திரம் இருக்கு, அது பதிச்ச பெஞ்சுல வராது.

கடைசியா தண்ணி. பசங்க டிபன் பாக்ஸ எங்க கழுவுறாங்களோ அதுக்கு பக்கத்துல தான் சாப்புடுவாங்க. பந்தல் ஓரத்துல கை கழுவ நாலு குழாய் வைங்க, அந்தத் தண்ணி வாய்க்கால் வழியா வாழைக்கும் மரத்துக்கும் போகட்டும். குடிக்கிற தண்ணி மட்டும் போர் தண்ணிய நேரா குடுத்துறாதீங்க, நம்ம மாவட்டத்து நிலத்தடி தண்ணில புளோரைடு இருக்கறது நம்ம பல்லுல இருக்கற கறையப் பாத்தாலே தெரியும், லிட்டருக்கு ஒண்ணரை மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது, பல ஊர்ல போகுது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே அதுக்காகத் தான் வந்துச்சு. அந்த லைன்ல இருந்து ஒரு குடிநீர் குழாய் பார்க்குக்கு இழுத்துட்டீங்கன்னா நீங்க கூப்புடவே வேண்டாம், பாட்டில எடுத்துட்டு தானா வருவாங்க.

பவுண்டன என்ன பண்றதுன்னு கேக்கல, இருந்தாலும் சொல்றேன். அந்த வட்டச் சுவரு உக்கார ஒசரம் தானே இருக்கு, உள்ள மண்ணு கொட்டி ஒரு புங்கன் வச்சுருங்க, தரையில இருக்குற சிமெண்ட மட்டும் ஒடச்சு வேரு எறங்க வழி விடணும். நம்ம அரசமரத்து மேடை ரெடி.

கேள்வி: சார், நான் பி.ஏ. ரெண்டாம் வருஷம், ஊரு பென்னாகரம் பக்கம். காலைல ஏழு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது லேட்டு, அதனால எட்டு மணிக்கெல்லாம் காலேஜ் வந்துருவோம், கிளாஸ் ஒம்போதரைக்கு தான். அதுவரைக்கும் கிளாஸ் ரூம் பூட்டியிருக்கும். பார்க்ல உக்காந்தா இங்க என்ன வேலைன்னு வெரட்டுறாங்க, கிளாஸ் பையன் வந்து நோட்ஸ் கேட்டா கூட வீட்டுக்கு போன் பண்ணுவேன்னு மெரட்டுறாங்க. நாங்க ஆறு பேரு டிஎன்பிஎஸ்சிக்கு சேந்து படிக்கிறோம், எங்களுக்கு ஒரு எடம் வேணும் சார், அவ்ளோ தான்.
மாணவி, பென்னாகரம்

பதில்: கண்ணு, உன் கடிதத்த நான் மூணு தடவ படிச்சேன். ஒன்றரை மணி நேரம் தெனமும் நின்னுக்கிட்டே போகுதுன்னா வாரத்துக்கு ஏழரை மணி நேரம், அதுல ஒரு சமச்சீர் புத்தகத்தையே முடிச்சுடலாம். மகளிர் இலவச பஸ் 2021ல வந்ததுக்கு அப்புறம் தூரத்து ஊர்ல இருந்தெல்லாம் எவ்ளோ பொண்ணுங்க படிக்க வர்றீங்க, ஆனா பஸ் விட்டு எறங்கினதுக்கும் கிளாஸ் தொறக்குறதுக்கும் நடுவுல நீங்க எங்க இருப்பீங்கன்னு ஒருத்தரும் யோசிக்கலயே.

நீங்க ஆறு பேரும் கையெழுத்து போட்டு ஒரு மனு எழுதுங்க, கோவமா வேண்டாம், கணக்கா எழுதுங்க. எந்த ஊர்ல இருந்து எத்தன மணிக்கு எத்தன பேர் வர்றாங்க, எத்தன நிமிஷம் காத்திருக்காங்க, மத்த டிபார்ட்மெண்ட் பொண்ணுங்களையும் கேட்டு அட்டவணையா போடுங்க. இருவது முப்பது பேர் பேரு வந்துச்சுன்னா அது உங்க ஆறு பேர் பிரச்சனையா இருக்காது, காலேஜ் பிரச்சனை ஆயிடும். கேக்குறதும் தெளிவா கேளுங்க: லைப்ரரி வாசல் பக்கம் நிழலா ஒரு எடம், எட்டு ஆளு சுத்தி உக்கார்ற மாதிரி மேஜை, ஒரு கரும்பலகை, போன் சார்ஜ் போட பிளக், காலைல 7.30ல இருந்து உக்காரலாம்னு பிரின்சிபால் கையெழுத்தோட ஒரு போர்டு. அந்த போர்டு தான் முக்கியம் கண்ணு, ஏன்னா வாட்ச்மேன் தானா வெரட்டல, அவருக்கு அப்படி தான் சொல்லி வச்சிருக்காங்க, எழுத்துல மாத்தினா அவரே உங்களுக்கு சேர் எடுத்துப் போடுவார்.

பேசுனா தப்புன்னு சொல்ற பெரியவங்களுக்கு, என் கூட வேலை பாத்தவங்களுக்கும் சேத்து சொல்றேன், மறைவா இருக்கற எடத்துக்கு தான் பயப்படணும். ஆபீஸ்ல இருந்தும் ரோட்டுல இருந்தும் பாத்தா தெரியற மாதிரி தெறந்த எடமா, எட்டு பேர் பத்து பேர் உக்கார்ற எடமா பண்ணிட்டா அதுல பொண்ணும் பையனும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து படிக்கிறத பாத்து பயப்பட என்ன இருக்கு? நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே தாலுக்கா ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல தானே வேலை பாக்கப் போறாங்க. பொண்ணுங்க டாய்லெட் அங்கிருந்து கூப்புடு தூரத்துல இருக்கணும், அதயும் மனுவுல சேத்துக்கோ, அது இல்லாத எடத்துல யாரும் ரொம்ப நேரம் உக்கார மாட்டாங்க, வெளிய சொல்ல கூச்சப்பட்டுக்கிட்டு விட்டுறாத.

கேள்வி: எங்க பாலிடெக்னிக்ல காலி எடத்துல ஐ லவ் எழுத்து போட்ட செல்பி பாயிண்ட், ஓபன் ஜிம் வைக்கலாம்னு ஸ்டூடண்ட்ஸ் சைடுல ஐடியா. சரியா வருமா சார்?
மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: செல்பி மொத மாசம் எடுப்பாங்க தம்பி, அதுக்கப்புறம் அது தூசி படிஞ்ச தகரம். ஜிம் நல்லது தான், ஆனா சாயந்தரம் அஞ்சு மணிக்கு கேட்ட பூட்டிட்டா யாரு பண்ணுவா, ஹாஸ்டல் பக்கத்துல வைங்க, நிழல்ல வைங்க, இரும்பு வெயில்ல கைய வைக்க முடியாது. அந்தக் காசுல பாதிக்கு ஒரு வாலிபால் நெட்டும் அத சுத்தி உக்காந்து பாக்க மூணு வரிசை கல்லுப் படியும் போட்டா, ஆடுறவங்க பன்னெண்டு பேரு, பாக்குறவங்க நூறு பேரு இருப்பாங்க.

கேள்வி: ஸ்கூல் வளாகத்துல நிழலுக்கு என்ன மரம் வைக்கலாம்? நர்சரியில குல்மொகர், கோனோகார்பஸ் சீக்கிரம் வளரும்னு சொல்றாங்க.
தலைமை ஆசிரியர், ஊத்தங்கரை

பதில்: ஐயா, சீக்கிரம் வளருதுங்கறத மட்டும் பாக்காதீங்க, எந்த மாசத்துல எலை இருக்குன்னு பாருங்க. குல்மொகர் பூ பாக்க கண்ண பறிக்கும், ஆனா மாசி பங்குனி வெயில்ல எலையக் கொட்டிட்டு மொட்டையா நிக்கும், நமக்கு நிழல் வேண்டிய நேரத்துல இருக்காது, காத்துக்கு கெளையும் ஒடியும், புள்ளைங்க உக்கார்ற எடத்துல வேண்டாம். கோனோகார்பஸ் பக்கமே போகாதீங்க, அது சுவரு மாதிரி நிக்கும், ஒரு குருவி கூட கூடு கட்ட யோசிக்கும்.

என் மொத ஓட்டு புங்கனுக்கு. பங்குனியில எலை கொட்டுனாலும் ரெண்டு மூணு வாரத்துல தளதளன்னு புது எலை விட்டு சித்திரையில குடை மாதிரி நிக்கும், அந்த நிழல்ல இருக்கற குளிர்ச்சி அனுபவிச்சவங்களுக்கு தெரியும், நம்ம செம்மண்ணுக்கும் சரளைக்கும் தாக்குப் புடிக்கும், தண்ணி கொறைவா கேக்கும். ரெண்டாவது வேம்பு. பூவரசு கெளைய வெட்டி போத்தா நட்டா கூட வரும். நாட்டு வாதுமை அடுக்கு அடுக்கா கெளை விட்டு சீக்கிரம் நிழல் தரும், பெரிய எலை விழும், கூட்டணும், அத யோசிச்சுக்கோங்க. மகிழம் மெதுவா தான் வளரும், ஆனா வாசல்ல ஒண்ணு கண்டிப்பா வைங்க, காலைல ஸ்கூலுக்கு வர்ற புள்ளைங்க பூ பொறுக்கி கோக்கட்டும். புளிய மரத்துக்கு நம்ம பக்கம் சிலர் பயப்படுவாங்க, நான் பயப்படல, நம்ம ரோட்டோரம் எல்லாம் அதோட நிழல்ல தான் நம்ம முன்னோர் நடந்தாங்க, எடம் பெருசா இருந்தா ஓரமா ஒண்ணு வைங்க. மாமரம் வச்சா காய்க்கற சீசன்ல கல்லடி நிக்காது, அத தாங்க மனசு இருந்தா வைங்க, சந்தூர் பக்கம் நர்சரியில நல்ல ஒட்டுக்கன்னு கெடைக்கும். அப்புறம் இது என் ஆசை, ஒரு நெல்லி. நம்ம தர்மபுரிக்கு பழைய பேரு தான் தகடூர், அந்த தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி குடுத்த கதைய அந்த மரத்தடியிலயே உக்கார வச்சு சொன்னா, புள்ளைங்களுக்கு அது பாட புத்தகத்துல இருக்கற கதையா இருக்காது, நம்ம ஊரு கதையா இருக்கும்.

மூணடிக்கு மூணடி குழி, ஆழமும் மூணடி, கீழ பாறை தட்டுச்சுன்னா எடத்த மாத்துங்க, கடப்பாரையில குத்தி ஒப்பேத்தாதீங்க. ஆடி கடைசி ஆவணியில வச்சா புரட்டாசி ஐப்பசி மழைக்கு வேரு புடிச்சுக்கும். மொத ரெண்டு கோடைக்கு ஒரு கன்னுக்கு ஒரு பழைய மண்பானை அடியில ஓட்ட போட்டு திரி வச்சு புதைச்சுடுங்க, வாரத்துக்கு ரெண்டு தடவ ரொப்பினா போதும், அந்த வேலைய ஒரு கிளாஸுக்கு ஒரு மரம்னு பிரிச்சு குடுத்தா எட்டாவது படிக்கிற பையன் கூட லீவு நாள்ல வந்து ஊத்துவான், நான் பாத்திருக்கேன்.

கேள்வி: எங்க அப்பா படிச்ச காலேஜுக்கு அவர் நினைவா பத்து பெஞ்ச் வாங்கி குடுக்கலாம்னு இருக்கோம், பேரு பொறிச்சு. எந்த மாடல் வாங்கலாம்?
வாசகர், ஓசூர்

பதில்: ரொம்ப நல்ல மனசு. பத்து பெஞ்ச் வேண்டாம், நாலு போதும், மீதி பணத்துல அதுக்கு மேல நிழல் போட்டுக் குடுங்க, இல்லன்னா பத்து பெஞ்சும் வெயில்ல காயும், அப்பா பேரு மேல யாரும் உக்காராம இருக்கறத பாத்தா உங்களுக்கே கஷ்டமா இருக்கும். குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் மதிய வேளையில அந்த காலேஜுக்கு போய் பசங்க எங்க உக்காந்து சாப்புடுறாங்கன்னு பாத்துட்டு அங்க போடச் சொல்லுங்க. முடிஞ்சா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தோட்டக்காரருக்கு பகுதி சம்பளம் குடுங்க, அதுல பேரு பொறிக்க முடியாது, ஆனா அது தான் நிக்கும்.

கேள்வி: ஐயா, நான் ஒரு காலேஜ்ல தோட்ட வேலை பாக்குறேன், கான்ட்ராக்ட் தான். எழுதறது என் மக. பார்க்குக்கு பசங்க வரணும்னு எல்லாரும் சொல்றாங்க. வந்தா சோத்து பருக்கை, கவரு, பாட்டில் எல்லாம் போட்டுட்டு போறாங்க, நான் ஒருத்தன் தான் அள்ளணும். அதனால நானே தான் யாரையும் உள்ள விடாம பாத்துக்குறேன். தப்பா?
தோட்டப் பணியாளர், பாலக்கோடு

பதில்: அண்ணே, உங்க மேல தப்பே இல்ல. இந்த பார்க் விஷயத்துல எங்க எல்லாரையும் விட அதிகம் தெரிஞ்சவர் நீங்க, ஆனா கமிட்டியில உங்கள யாரும் கூப்புட்டிருக்க மாட்டாங்க. இத படிக்கிற பிரின்சிபால்ங்களுக்கு சொல்றேன், பார்க்க மாத்தற மீட்டிங்குல மொத சேர் தோட்டக்காரருக்கும் கூட்டுறவங்களுக்கும் போடுங்க. எந்த மூலையில தண்ணி தேங்குது, எந்த எடத்துல பாம்பு வருது, எந்த குழாய் ஒழுகுது, பசங்க எங்க ஒளிஞ்சு நிக்கறாங்க எல்லாம் அவங்களுக்கு தெரியும், அத கேக்காம போடற பிளான் ஆறு மாசத்துல படுத்துடும்.

குப்பைக்கு வழி இருக்குண்ணே. தொட்டிய மூலையில வச்சா யாரும் நடந்து போய் போட மாட்டாங்க, எழுந்து கை கழுவ போற வழியில, குழாய்க்கு பக்கத்துல வைக்கச் சொல்லுங்க, சோறு ஒண்ணுல கவரு ஒண்ணுல. மிச்ச சோறு ரெண்டு குழியில மாத்தி மாத்தி எலை சருகோட போட்டா உங்க மரத்துக்கே எரு. சாப்பாட்டு நேரம் முடிஞ்சு கடைசி பத்து நிமிஷம், அன்னைக்கு எந்த கிளாஸ்னு முறை போட்டு, அவங்க உக்காந்த எடத்த அவங்களே எடுத்துட்டு போகணும்னு மேடம்கள்ட்ட சொல்லச் சொல்லுங்க, என்எஸ்எஸ் இருக்கறது எதுக்கு. நூறு பேர் உக்கார்ற எடத்த ஒரு ஆள் தனியா பாத்துக்கறது முடியாத காரியம், இன்னொரு ஆள் வேணும்னு எழுதிக் குடுங்க, எழுத வராதுன்னு விட்டுடாதீங்க, அதான் மக இருக்காளே. கையுறை, முள்ளுவாரி, ரெண்டு தள்ளுவண்டி இதெல்லாம் பார்க் செலவுல மொத வரியா போடச் சொல்லி அந்த காகிதத்துலயே சேத்துருங்க, பந்தலுக்கும் கல்லுக்கும் பணம் ஒதுக்குறப்பவே இதுவும் ஒதுக்கணும். அப்புறம் அந்தப் பாப்பா எழுத்து முத்து முத்தா இருக்குண்ணே, என்ன படிக்கிறான்னு அடுத்த கடிதத்துல எழுதச் சொல்லுங்க.